இலவசமாகத் தெரிந்த இரண்டு வரிகள்

முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். பதினாறு வயதில் சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை விட்டவள் நான். கடையில் வேலை செய்த காலத்திலும் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு, மற்ற நேரமெல்லாம் கம்பியூட்டருக்குப் பின்னால் முகத்தை ஒளித்துக்கொண்டு இருந்தவள். கண் பார்வை மங்கி வேலையை விட்டபிறகு, உங்களுக்குப் புத்தி சொல்வதுபோல எழுத உட்கார்ந்திருப்பது எனக்கே கூச்சமாக இருக்கிறது.

ஆனால் முதலாளி உங்கள் கடை வட்ஸ்அப் குழுவிலிருந்து என்னை இன்னும் எடுக்கவில்லை. மறந்துவிட்டார் என்று நினைக்கிறேன். நானும் சத்தமில்லாமல் இருந்து எல்லாவற்றையும் வாசித்துக்கொண்டிருக்கிறேன். போன கிழமை உங்களில் ஒருவர், காசு கட்டி வாசிக்கிற பத்திரிகை ஒன்றில் வந்த கட்டுரையைப் படம்பிடித்துப் போட்டிருந்தார். தலைப்பும் முதல் இரண்டு மூன்று வரிகளும்தான் தெரிந்தன. கீழே பூட்டுப் படம். "மிச்சத்தை ஆராவது போடுங்கோ" என்று ஒருவர் கேட்க, இன்னொருவர் தன் மச்சானின் பாஸ்வேட்டை அப்படியே குழுவில் போட்டுவிட்டார். எல்லோரும் கைதட்டுகிற படம் போட்டார்கள்.

பதில் எழுத வேண்டும் என்று அன்று இரண்டு தரம் தொடங்கி அழித்துவிட்டேன். சின்னத் திரையில் சொல்லி முடிகிற கதையில்லை அது. அதனால் இப்படி எழுதுகிறேன். பிழையாகப் பட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் இப்போது வேலை செய்கிற அதே கடைதான். திருகோணமலை பஸ் நிலையத்துப் பக்கம் இறங்கினால் அப்போது இவ்வளவு கட்டடம் இல்லை. சமாதானம் என்று சொல்லிக்கொண்டிருந்த காலம் முடிந்து திரும்பவும் சண்டை தொடங்கியிருந்தது. கடையில் நான்கு கம்பியூட்டர்கள். எல்லாவற்றுக்கும் ஒரே ரெலிபோன் லைன். இன்ரநெற் ஓடும்போது ரெலிபோன் எடுக்க ஏலாது. ரெலிபோன் எடுத்தால் இன்ரநெற் அறுந்துவிடும். அதற்காக நாளுக்கு நாலு சண்டை நடக்கும். வெயில் ஏறினால், ஊருக்குள் மாடுபோலத் திரிகிற மான்கள் வந்து வாசல் நிழலில் படுத்துக்கொள்ளும். அவற்றைத் தாண்டித்தான் சனம் உள்ளே வரும்.

கடலுக்குப் போவதற்குக் கட்டுப்பாடு கூடியிருந்ததால், கரையோரப் பையன்கள் சிலர் வெளிநாட்டுக் கப்பல்களில் வேலைக்குப் போயிருந்தார்கள். அவர்களுடைய வீட்டுக்காரர் ஈமெயில் பார்க்க எங்கள் கடைக்கு வருவார்கள்.

அவர்களுக்காகவே வந்ததுபோல ஒருவர் வருவார். துறைமுகப் பக்கம் கப்பல் ஏஜென்சி ஒன்றில் வேலை. வெள்ளை அரைக்கைச் சட்டை, சைக்கிள் சங்கிலியில் படாமல் மடித்துக் கிளிப் போட்ட காற்சட்டை. பெயரை எழுதினால் அவருக்குப் பிடிக்காது. ஐயா என்றே சொல்லிக்கொண்டு போகிறேன். அவருடைய ஏஜென்சிக் கந்தோரில் இன்ரநெற் லைன் வேலை செய்த நாளைவிடச் செய்யாத நாள்தான் அதிகம். ஆகவே எங்களிடம் வந்து மூன்றாவது மேசையில் இருந்து, கப்பல் செய்திகள் மட்டும் வருகிற வெளிநாட்டு ஆங்கிலப் பத்திரிகை ஒன்றைத் திறப்பார். காசு கட்டினால்தான் திறக்கும். கட்டாதவர்களுக்குத் தலைப்பும் இரண்டு வரியும் காட்டிவிட்டு நின்றுவிடும்.

முதலாளிக்கு அதில் ஒரு கண் இருந்தது.

"ஐயா, நீங்கள் ஒரு பிறின்ற் எடுத்துத் தந்தால் இந்தச் சனம் வாசிக்கும்தானே. புண்ணியமாப் போகும்."

"புண்ணியம் எனக்கு, பிறின்ற் காசு உமக்கு. அப்பிடித்தானே?"

முதலாளி சிரித்துவிட்டார். ஐயா சிரிக்கவில்லை. "கோவிக்காதேயும் தம்பி. இது கந்தோர் காசு கட்டி எடுக்கிற பேப்பர். என்ர கண்ணுக்கு எண்டு தந்திருக்கினம். கண்ணால வாசிச்சதை வாயால சொல்லாதை எண்டு ஒருத்தரும் தடுக்கேல்ல. கேக்கிறவைக்குச் சொல்லுறன். தாளில எடுத்துக் குடுக்க அது என்ர பொருள் இல்லை. பிறகு அந்தத் தாள் ஆற்ற கையில போய் நிக்கும் எண்டும் எனக்குத் தெரியாது."

அப்படியே நடந்தார். வெள்ளிக்கிழமைகளில் கப்பல் பையன்களின் வீட்டுக்காரர் வாங்குப் பலகையில் வரிசையாக இருப்பார்கள். "ஐயா, எங்கட மூத்தவன்ர கப்பல் எங்க நிக்குது?" என்பார்கள். வாசித்துவிட்டுத் திரும்பி, "எழுதினவர் சொல்லுறார், இன்ன துறைமுகத்தில நிக்குதாம்" என்பார். ஒவ்வொரு முறையும் அந்த "எழுதினவர் சொல்லுறார்" வரும். தான் கண்டதுபோல ஒருநாளும் சொன்னதில்லை. முடிந்ததும் கணக்கை மூடிவிட்டு, கதிரையை மேசைக்குள் தள்ளிவிட்டு, மானைத் தட்டாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போவார்.

நான் சொல்ல வந்த நாளில், காலையில் நகரத்துக்குள் குண்டு ஒன்று வெடித்திருந்தது. அன்று பின்னேரத்திலிருந்து ஊரடங்கு என்று வாகனத்தில் அறிவித்துக்கொண்டு போனார்கள். கடைகள் அரைக் கதவு சாத்தியிருந்தன. நாங்களும் அப்படித்தான். கடையில் முதலாளியும் நானும் மட்டும்.

அந்த நேரம் தயா வந்தார். தயா லிங்கநகர்ப் பக்கம் ஓட்டோ ஓடுகிறவர். லிங்கநகருக்கு வானொலி தேவையில்லை, தயா போதும் என்று முதலாளி பகிடி பண்ணுவார். காலையில் கோயிலில் என்ன அன்னதானம் என்பதிலிருந்து ஆர் வீட்டு மாப்பிள்ளை ஓடிவிட்டான் என்பதுவரை, மத்தியானத்துக்கு முன் எல்லா ஒழுங்கைக்கும் போய்ச் சேர்ந்துவிடும். அன்று அவர் சத்தமில்லாமல் வந்து ஒரு மேசையில் இருந்தார். நான் பின்னால் போட்டோக்கொப்பி எடுத்துக்கொண்டிருந்தேன். முதலாளியிடம் ஒரு பிறின்ற் வாங்கிக்கொண்டு, வந்த வேகத்திலேயே போய்விட்டார்.

திரும்பி வந்தபோது சாந்தினியைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

சாந்தினியை எனக்கு முகப்பழக்கம். லிங்கநகரில் இடியப்பம் அவித்து வீடு வீடாகக் கொடுக்கிற பிள்ளை. கணவர் கப்பலில். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து அவருடைய ஈமெயிலைப் பிறின்ற் எடுத்து, மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு போவாள். அன்று கைப்பை இல்லை. கையில் மா ஒட்டிக் காய்ந்திருந்தது. அந்தக் கையில் தயா கொடுத்த தாள்.

"அக்கா, மிச்சம் எங்க?"

வாங்கிப் பார்த்தேன். ஐயா வாசிக்கிற அந்தப் பேப்பர்தான். தலைப்பில் கப்பலின் பெயர். அவளுடைய கணவர் போன கப்பல். இயந்திர அறையில் தீ, மாலுமிகள் கடலில் குதித்தார்கள் என்று ஒரு வரி. இறப்பு உறுதியாகியுள்ளது, இறந்தவர் என்று அடுத்த வரி தொடங்கி, அந்தச் சொல்லோடு நின்றிருந்தது. அதன் கீழ் தாள் முழுக்க வெள்ளை.

குவைத்தில் இருக்கிற யாரோ ரெலிபோனில் சொன்னதைக் கேட்டு, தயா தேடிப் பார்த்து, கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஓடியிருக்கிறார். கெட்ட மனதோடு செய்யவில்லை. கிடைத்ததைக் கிடைத்தபடி கொடுப்பதுதான் உதவி என்று நினைத்தார். போன கிழமை குழுவில் நீங்கள் நினைத்ததும் அதுதான்.

"கீழ வெறுமையாக் கிடக்கு. எழுதாமல் விட்டதோ, மறைச்சு வைச்சிருக்கோ?" என்று சாந்தினி கேட்டாள்.

"மறைச்சு வைச்சிருக்கு. சந்தா கட்டினவைக்குத்தான் காட்டும்."

"நான் கட்டுறன்."

"இஞ்ச இருந்து கட்ட ஏலாது பிள்ளை. அதுக்கு வெளிநாட்டுக் கார்ட் வேணும்."

"செய்திக்கும் செக்பொயின்ற் போட்டிட்டாங்கள்," என்றார் தயா. சொல்லிவிட்டு, பகிடி விடுகிற நேரமா என்று அவரே தலையில் அடித்துக்கொண்டார். பிறகு என் பக்கம் குனிந்து, "அக்கா, ஐயா பாஸ்வேட் அடிக்கிறதை எத்தினை நாள் பார்த்திருப்பியள். உங்களுக்குத் தெரியும். அடியுங்கோ" என்றார்.

தெரியும். அவர் இரண்டு விரலால் மெதுவாக அடிக்கிறவர். பார்க்கக்கூடாது என்று நினைத்தாலும் கண்ணில் பட்டுவிடும். சாந்தினி என் முகத்தைப் பார்த்தாள். முதலாளியும் பார்த்தார். எனக்குத் தெரியும் என்பது மூன்று பேருக்கும் விளங்கிவிட்டது.

நீங்களும் ஒருநாள் இப்படி நிற்பீர்கள். அதனால் அப்போது என் மனதில் ஓடியதை அப்படியே எழுதுகிறேன். ஐயாவின் பாஸ்வேட்டைத் தொடுவது சரியில்லை என்ற எண்ணம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது பயம். இந்தப் பூட்டைத் திறந்தால் உள்ளே இருப்பதை வாசிக்க வேண்டியவள் நான். என்னுடைய ஆங்கிலம் பள்ளிக்கூட ஆங்கிலம். ஒரு சொல்லைப் பிழையாக விளங்கி, உயிரோடு இருக்கிறவரைச் செத்தவர் ஆக்கிவிட்டால்? செத்தவரை உயிரோடு இருக்கிறார் என்று சொல்லிவிட்டால்? திறக்கத் தெரிவது வேறு. திறந்ததை ஒருவர் கையில் கொடுக்கத் தெரிவது வேறு. இரண்டாவது எனக்குத் தெரியாது.

"நான் ஐயாவைக் கூப்பிடுறன்" என்றேன்.

"ஊரடங்கு வரப்போகுது அக்கா!" என்று தயா கத்தினார்.

நான் இன்ரநெற்றை அறுத்துவிட்டு ரெலிபோனை எடுத்தேன். ஐயா கந்தோரைப் பூட்டிக்கொண்டிருந்தார். விசயத்தைச் சொன்னேன்.

"அந்தப் பிள்ளை தனியவோ நிக்குது?"

"தயா பக்கத்தில நிக்கிறார் ஐயா."

"அப்ப தனிய எண்டுதான் வைச்சுக்கொள்ள வேணும். நீங்கள் பக்கத்தில இருங்கோ. அந்தத் தாளை வாங்கி வையுங்கோ. அந்த இரண்டு வரியையே திருப்பித் திருப்பிப் பார்க்க விடாதேங்கோ. நான் வாறன்."

தாளை வாங்கிக் கவிழ்த்து வைத்தேன். பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்தேன். என்ன கதைப்பது என்று எனக்குத் தெரியாது, எப்போதும் தெரியாது. அவள்தான் கதைத்தாள்.

"அவரை இஞ்ச வைச்சிருக்கப் பயந்துதான் அக்கா கப்பலுக்கு அனுப்பினனான். ரோட்டால போற ஆளைப் பிடிச்சுக்கொண்டு போறாங்கள், சுடுறாங்கள். நடுக்கடலில ஆர் வந்து சுடப்போறாங்கள் எண்டு நான்தான் சொன்னனான். அவருக்குப் போக விருப்பமில்லை."

நான் ஓம் என்றேன். அவள் கையில் காய்ந்திருந்த மாவை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். மேசையில் அது வெள்ளையாக விழுந்தது.

ஐயாவை ஆமிச் செக்பொயின்ற்றில் மறித்து வைத்திருந்தார்கள் என்று பிறகு தெரிந்தது. வந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாவது மேசைக்குப் போய், பக்கத்தில் இன்னொரு கதிரையை இழுத்துப் போட்டு, "வாரும் பிள்ளை, இதில இரும்" என்றார். பிறகு தயாவைப் பார்த்தார்.

"நீர் கொஞ்சம் வெளியில நில்லும் ராசா."

"நான் அவன்ர சிநேகிதன் ஐயா. ஒண்டாப் படிச்சனாங்கள்."

"ஓம். ஆனால் முதல் அவ. பிறகு நீர்."

தயா போய் ஓட்டோவில் இருந்தார். முதலாளி தானாக எழுந்து வாசற்படிக்குப் போனார். நானும் எழும்பினேன். சாந்தினி என் கையைப் பிடித்து இருத்திவிட்டாள்.

இன்ரநெற் திரும்ப வரும்வரை லைன் பிடிக்கிற அந்த இரைச்சலைக் கேட்டுக்கொண்டிருந்தோம். ஐயா கணக்கைத் திறந்தபோது ஒரு எச்சரிக்கை வந்தது. இதே கணக்கு வேறு இடத்தில் திறந்திருக்கிறது, இங்கே திறந்தால் அங்கே மூடப்படும் என்று. கொழும்பு தலைமைக் கந்தோரில் யாரோ வாசித்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். "நாளைக்கு எனக்கு ஏச்சு இருக்கு" என்று சொல்லிக்கொண்டே அழுத்தினார்.

பக்கம் மேலிருந்து மெதுவாக இறங்கத் தொடங்கியது. அப்போது அவர் ஒன்று செய்தார். இத்தனை வருசம் கழித்து நினைத்தாலும் எனக்கு மயிர் கூச்செறிகிறது. போட்டோக்கொப்பி மெசினில் இருந்து ஒரு வெறும் தாளை எடுத்துத் தரச் சொன்னார். அதைத் திரையின் மேல் வைத்து, தலைப்பு மட்டும் தெரிய மற்றதெல்லாம் மூடினார்.

"ஏன் ஐயா மூடுறியள்?" என்று சாந்தினி கேட்டாள். அவளுக்குப் பயம் வந்துவிட்டது.

"உமக்கில்லை பிள்ளை, எனக்கு. நான் கெதியா வாசிக்கிற ஆள். என்ர கண் முன்னுக்கு ஓடிப்போடும். கண் ஓடினால் முகம் சொல்லிப்போடும். நான் அறிஞ்சு நீர் அறியாத நேரம் எண்டு ஒண்டு இருக்கக்கூடாது. இரண்டு பேரும் ஒண்டாவே போவம்."

ஒரு வரி வாசித்தார். தமிழில் சொன்னார். தாளை ஒரு வரி கீழே இறக்கினார். அடுத்த வரி. கூட்டவில்லை, குறைக்கவில்லை. தெரியாத சொல் வந்தால், "இந்தச் சொல் எனக்கு வடிவாத் தெரியேல்ல, இப்பிடி இருக்கலாம்" என்றார். இயந்திர அறையில் தீ. அணைக்க ஏலாமல் போனது. கப்பல் தலைவர் கடலில் குதிக்கச் சொன்னார். இறப்பு உறுதியாகியுள்ளது. இறந்தவர்.

அடுத்த வரி தாளுக்குள் மறைந்திருந்தது. அவருக்கும் தெரியாதே. தாளை இறக்கினார்.

"இறந்தவர் ஒருவர். அவற்ற பெயரைக் கப்பல் கொம்பனி இன்னும் வெளியிடேல்ல எண்டு எழுதினவர் சொல்லுறார். அவற்ற வீட்டுக்கு அறிவிச்ச பிறகுதான் வெளியிடுவினமாம்."

தாள் இன்னும் இறங்கியது. மற்றவர்களை மீன்பிடிப் படகு ஒன்று ஏற்றிக் கரை சேர்த்தது. சிலருக்குத் தீக்காயம். விசாரணை நடக்கிறது. அவ்வளவுதான்.

சாந்தினி ஐயாவின் பக்கம் திரும்பினாள். "எனக்கு ஒருத்தரும் இன்னும் அறிவிக்கேல்ல ஐயா," என்றாள்.

பூட்டைத் திறந்து உள்ளே போய்ப் பார்த்தால் அங்கே இன்னொரு பூட்டு. நானாக இருந்தால், "ஒன்றும் இராது பிள்ளை, கவலைப்படாதே" என்று ஏதோ சொல்லி வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். ஐயா அப்படிச் சொல்லவில்லை. தாளைக் கடைசிவரை இறக்கினார். கட்டுரையின் அடியில் எழுதியவரின் பெயரும் ஈமெயில் முகவரியும் இருந்தன. முழுதும் வாசிக்கிறவர்களுக்கு மட்டும் தெரிகிற இடத்தில்.

"இந்த மனுசனிட்டக் கேப்பம்" என்றார்.

"அவர் எங்க இருக்கிறார்?"

"லண்டனோ எங்கேயோ. எனக்குத் தெரியாது. என்னையும் அவருக்குத் தெரியாது."

தன் ஈமெயிலைத் திறந்து, இரண்டு விரலால் அடிக்கத் தொடங்கினார். அடித்த ஒவ்வொரு வரியையும் சாந்தினிக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே அடித்தார். உங்களுடைய பத்திரிகையை என் கந்தோர் சந்தா கட்டி வாசிக்கிறது. நான் திருகோணமலையில் இருக்கிறேன். இந்தக் கப்பலில் போன ஒருவரின் மனைவி இப்போது என் பக்கத்தில் இருக்கிறார். இறந்தவரின் பெயரை எனக்குச் சொல்ல வேண்டாம். அதைக் கேட்க எனக்கு உரிமை இல்லை. இவருடைய கணவரின் பெயர் இது. கரை சேர்ந்தவர்களில் இவர் இருந்தால் மட்டும், ஆம் என்று ஒரு சொல் எழுதுங்கள். தெரியாவிட்டால் தெரியாது என்று எழுதுங்கள்.

அனுப்பினார். பிறகு நாங்கள் காத்திருந்தோம்.

வெளியே ரோட்டில் ஆள் நடமாட்டம் குறைந்துகொண்டு போனது. முதலாளி ஒருமுறை எட்டிப் பார்த்து, "ஐயா, பூட்டவேணும்…" என்று தொடங்கி, எங்கள் மூன்று பேரையும் பார்த்துவிட்டுத் திரும்பவும் படிக்குப் போனார். அவருடைய வீடு பாலையூற்றில். நேரத்தோடு போகாவிட்டால் வழியில் மாட்டிக்கொள்வார். ஆனாலும் போகவில்லை. மான் எழும்பி உடம்பை உதறிக்கொண்டு நடந்து போனது.

பதில் வந்தது. இன்றைக்கும் என்னால் அதை நம்ப முடியவில்லை. எங்களுடைய ஊரை வரைபடத்தில் தேடித்தான் கண்டுபிடித்திருப்பார். பக்கத்து ஊருக்குப் போகவே எங்களுக்குப் பாதை இல்லாத காலம். கடல் தாண்டி ஒரு மனிதர், எங்களை ஆரென்றே தெரியாத மனிதர், தன் வேலையை நிறுத்திவிட்டு, துறைமுகத்துக்கு ரெலிபோன் எடுத்துக் கேட்டு, எழுதியிருந்தார்.

ஐயா அதையும் தாளால் மூடித்தான் வாசித்தார்.

"ஓம் எண்டு எழுதியிருக்கிறார் பிள்ளை."

ஐயா தாளை அடுத்த வரிக்கு இறக்கினார்.

"உயிரோட இருக்கிறாராம். கையில தீக்காயம். ஆஸ்பத்திரியில நிக்கிறாராம். இப்பதான் கேட்டு உறுதிப்படுத்தினதாம். இன்னும் இருக்கு. இறந்தவற்ற வீட்டோட கதைக்க இன்னும் ஏலாமல் கிடக்காம். அதால, தயவுசெய்து நாளைக்குவரை இதை உங்கட வீட்டுக்குள்ள வைச்சிருங்கோ எண்டு கேட்டிருக்கிறார்."

அவள் மா ஒட்டிய கையால் வாயைப் பொத்தினாள். சத்தம் வரவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. நான் அழுதுவிட்டேன், எனக்கும் அவளுக்கும் ஒரு சொந்தமும் இல்லை.

பிறகு கையை எடுத்துவிட்டு அவள் கேட்டது இது: "அப்ப செத்தது ஆர் ஐயா?"

"நான் கேக்கேல்ல. கேட்டாலும் சொல்லியிருக்க மாட்டார்."

"அந்த வீட்டில இப்ப சமைச்சுக்கொண்டு இருப்பினம். என்ன?"

சாந்தினியே தொடர்ந்தாள்.

"தெற்கில காலிப் பக்கம் ஒரு பிள்ளை இருக்கு ஐயா. சிங்களப் பிள்ளை. அவளின்ர புருசனும் இதே கப்பல். அவளுக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சிங்களம் தெரியாது. ஆனாலும் ரெலிபோன் எடுப்பாள். கப்பல் வந்தது, போனது எண்டு என்னத்தையாவது சொல்லுவம். அவளுக்கு என்ர குரலே போதும். நான் சிரிச்சால் அவள் தெரிஞ்சிடுவாள். பிறகு அவள் மற்ற வீடுகளுக்கு எடுப்பாள். எல்லா வீட்டுக்கும் ஓம் எண்டு வந்து, ஒரு வீட்டுக்கு மட்டும் வராமல் விட்டால்…"

அந்த ஒரு வீட்டுக்கு அதுவே சாவுச் செய்தி. எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஐயாவுக்கும் அப்போதுதான் விளங்கியது என்று நினைக்கிறேன். கடல் தாண்டி இருந்தவர் ஏன் அப்படிக் கேட்டார் என்பதை, இடியப்பம் அவிக்கிற ஒரு பிள்ளை எங்கள் இரண்டு பேருக்கும் முன்னால் கண்டுவிட்டாள்.

"மாமிக்கு மட்டும் சொல்லுறன். அவ அவரைப் பெத்த தாய். மற்றவைக்கு நாளைக்கு," என்று எழும்பினாள். மேசையில் விழுந்த மாவைக் கையால் கூட்டி எடுத்தாள். வாசலுக்குப் போகுமுன் முகத்தைத் துடைத்தாள். துடைத்தபிறகு அந்த முகத்தில் ஒன்றும் இல்லை. சந்தோசமும் இல்லை, துக்கமும் இல்லை. கதவைச் சாத்திய வீடு மாதிரி இருந்தது.

அந்த முகத்தைக் கண்டதும் தயா ஓட்டோவுக்குள் இருந்தபடியே, "ஐயோ என்ர ராசா…" என்று தொடங்கிவிட்டார்.

"தயா அண்ணா. அழாதேங்கோ. நாளைக்குச் சொல்லுறன். இண்டைக்கு ஒண்டும் கேக்காதேங்கோ. ஆக்கள் கேட்டால் தெரியாது எண்டு சொல்லுங்கோ."

தயா அவளைப் பார்த்தார். ஐயாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் கண் சிவந்திருந்தது. அதை வைத்து அவர் என்ன நினைத்தார் என்று எனக்குத் தெரியாது. லிங்கநகர் வானொலி வாயை மூடிக்கொண்டது. ஓட்டோ ஸ்ரார்ட் பண்ணி, ஒரு ஹோர்ன் கூட அடிக்காமல், வெறும் ரோட்டில் மெதுவாகப் போனது. அவளுக்கு அன்று இரவு எப்படிப் போயிருக்கும் என்று எல்லோரும் யோசிப்பார்கள். நான் தயாவுக்கு எப்படிப் போயிருக்கும் என்றுதான் யோசித்தேன். ஒன்றும் தெரியாமலே, ஒரு பெண் கேட்டாள் என்பதற்காக வாயை மூடிக்கொண்ட மனிதர் அவர்.

ஐயா கணக்கை மூடினார். தயா கொண்டுவந்த தாளை நாலாகக் கிழித்துச் சட்டைப் பைக்குள் போட்டார். கதிரையை மேசைக்குள் தள்ளினார். எனக்கு ஒன்று சொல்ல வேண்டும்போல இருந்தது.

"ஐயா, உங்கட பாஸ்வேட் எனக்குத் தெரியும். ஆனால் நான் அடிக்கேல்ல."

"உங்களுக்குத் தெரியும் எண்டு எனக்குத் தெரியும்," என்றார். "தெரிஞ்சது நீங்கள் எண்டதாலதான் மாத்தாமல் வைச்சிருந்தனான்."

இவ்வளவுதான் கதை. இதிலிருந்து சட்டம் வகுக்க எனக்குத் தகுதி இல்லை. இப்போது காலம் வேறு, உங்கள் கையில் இருக்கிற திரையில் ஆயிரம் பேப்பர் வரும் என்பதும் தெரியும். ஒரு நல்ல கட்டுரையை வாசித்தால் நாலு பேருக்குக் காட்ட மனம் வரும். அது நல்ல மனம்தான். காட்டுங்கள். ஆனால் பூட்டு விழுந்த இடத்தில் வெட்டுப்பட்ட அரைக் கட்டுரையை மட்டும் ஒருவர் கையிலும் கொடுக்காதீர்கள். அந்தப் பூட்டை ஒரு மெசின்தான் போடுகிறது. எந்த வரியில் ஒரு மனிதரின் உயிர் நிற்கிறது என்று அதற்குத் தெரியாது. முழுதும் கொடுக்க ஏலாவிட்டால், முழுதும் வாசித்த ஒருவரைக் கூப்பிடுங்கள். ஆரும் இல்லாவிட்டால் அடியில் பெயர் இருக்கும், எழுதியவரையே கேளுங்கள். பதில் தருவார்கள். நான் கண்டிருக்கிறேன். மச்சான் உங்களை நம்பித் தந்த பாஸ்வேட் மச்சானுடையது. அதைக் குழுவுக்குக் கொடுக்க வேண்டியவர் அவர்தான். ஒருவருக்கென்று வந்த செய்தி எவ்வளவு நல்ல செய்தியாக இருந்தாலும், அது எங்கே போய் ஆருக்கு எப்படிக் கேட்கும் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். சாந்தினி யோசித்த அளவுக்கு எங்களால் ஏலாது. கொஞ்சமாவது யோசிக்கலாம்.

அடுத்த நாள் ஊரடங்கு எடுத்தபிறகு கடையைத் திறந்தோம். முற்பகல் இறந்தவரின் பெயர் வெளிவந்தது. அவர் வேறு நாட்டுக்காரர், காலிப் பிள்ளையின் புருசனும் தப்பியிருந்தார். ஐயாவுக்குக் கொழும்பிலிருந்து ஏச்சு வந்ததாம். சாந்தினி சொல்லிவிட்டாள் போல, தயா ஹோர்ன் அடித்துக்கொண்டே கடைக்கு முன்னால் இரண்டு தரம் போனார். மத்தியானம் கரண்ட் நின்றுவிட்டது. பின்னேரம் வரை வரவில்லை.